டிரேப்பர் எழுதாமல் விட்ட நூல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வட்டார வரலாற்றாசிரியர்களில் லைமன் கோப்லண்ட் டிரேப்பர் (1815–1891) அளவுக்குப் பரிதாபத்தோடு நினைக்கப்படுகிறவர் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. அலகேனி மலைகளுக்கு மேற்கே வெள்ளையர் குடியேறிய வரலாற்றை, அதாவது கென்டக்கி, டென்னஸி, ஒஹையோ நதிப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வரலாற்றை, எழுதுவதே தன் பிறவிப்பயன் என்று இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டவர் அவர். அதற்காக ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகத் தாள்களைச் சேகரித்தார். ஏறத்தாழ ஐந்நூறு தொகுதிகள் சேர்ந்தன. எழுதி முடித்து வெளியிட்ட குறிப்பிடத்தக்க வரலாற்று நூல் ஒன்றே ஒன்றுதான்: 1881ல் வந்த கிங்ஸ் மவுண்டன் போர் பற்றிய நூல். டேனியல் பூனின் வாழ்க்கை, ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கின் வாழ்க்கை, சைமன் கென்டனின் வாழ்க்கை, டெகும்ஸெயின் வாழ்க்கை என்று அவர் திட்டமிட்டவை எவையும் அவர் காலத்தில் அச்சேறவில்லை.

இதை ஒரு தோல்விக் கதையாகவே சொல்லிவருகிறார்கள். வில்லியம் ஹெஸல்டைன் 1954ல் எழுதிய டிரேப்பரின் வாழ்க்கை வரலாறு இன்றும் படிக்கச் சுவையானது. ஆனால் அதைப் படித்து முடிக்கும் வாசகனுக்கு மனதில் நிற்பது ஒரு நகைச்சுவைப் பாத்திரம்தான். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரம், எப்போதும் ஏதாவது ஒரு நோய் இருப்பதான கற்பனை, இன்னும் ஒரு கடிதம் வந்துவிட்டால் எழுதத் தொடங்கிவிடலாம் என்ற நிரந்தர எதிர்பார்ப்பு. இந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் இதிலிருந்து பெறப்படும் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. டிரேப்பர் எழுதாமல் போனது அந்த வட்டாரத்தின் வரலாற்றுக்கு இழப்பு என்பது அந்தத் தீர்ப்பு. எழுதியிருந்தால் இழப்பு பெரிதாக இருந்திருக்கும் என்பது என் தரப்பு. அதே சமயம், அவரது தாள்களைப் புனிதப் பொருளாக்கிக் கொண்டாடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் அவர் சேர்த்த விதம். நியூயார்க் மாநிலத்தில், ஈரி கால்வாயை ஒட்டிய லாக்போர்ட் ஊரில் வளர்ந்தவர் டிரேப்பர். பாட்டனார் விடுதலைப் போரைப் பார்த்தவர். தந்தை 1812ஆம் ஆண்டுப் போரைப் பார்த்தவர். வீட்டில் போர்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. அத்தை மகள் மாமன் மகள் வகை உறவில் ஒரு பெண்ணை மணந்திருந்த பீட்டர் ரெம்ஸன் என்ற பருத்தி வணிகர் இவரை ஆதரித்தார். 1838 வாக்கில், எல்லைப்புறத்தில் முதன்முதலில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார். உங்கள் தந்தையார் இன்ன சண்டையில் இருந்தாரா, அப்போது அவர் எந்தப் பக்கம் நின்றார், உடன் இருந்தவர் யார், வீட்டில் பழைய தாள்கள் ஏதேனும் உண்டா. இப்படிக் கேள்விகள். 1840ல் மிஸிஸிப்பியின் பான்டாடாக்கில் ஒரு சிறு செய்தித்தாள் நடத்திப் பார்த்தார், நடக்கவில்லை. விவசாயம் செய்து பார்த்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. உருப்படியாக அவருக்கு வந்த ஒரே தொழில் அடுத்தவர் நினைவைக் கேட்டு எழுதிக்கொள்வது. 1843 முதல் வர்ஜீனியா, கென்டக்கி, டென்னஸி என்று குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் அலைந்தார். ரெம்ஸன் 1852ல் இறந்தார். அவருடைய விதவை லிடியாவை டிரேப்பர் மறு ஆண்டு மணந்துகொண்டார். அப்போது அவர்கள் விஸ்கான்ஸின் மாநிலத்தின் மாடிஸனுக்கு வந்துவிட்டிருந்தனர். 1854ல் அங்குள்ள மாநில வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் ஆனார். அவர் பொறுப்பேற்றபோது கழகத்தின் நூலகம் என்பது ஒரு சிறு அலமாரியும் அதில் ஐம்பது புத்தகங்களும். 1886 இறுதியில் அவர் விலகியபோது நூல்களும் சிறுநூல்களுமாக ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. எழுதாத சோம்பேறி என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

இந்த அலைச்சல்களில் உச்சம் என்று நான் கருதுவது 1851ன் இலையுதிர்காலத்தை. டேனியல் பூனின் கடைசி மகன் நேதன் பூன் அப்போது மிஸூரியில் வாழ்ந்துகொண்டிருந்தார். வயது எழுபது. கேட்டவர் முப்பத்தாறு வயதுக்காரர். நேதனும் அவர் மனைவி ஆலிவும் அருகருகே இருந்து சொல்லச் சொல்ல, டிரேப்பர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிக்கொண்டார். இன்று டேனியல் பூனைப் பற்றி நம்பகமாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்தத் தாள்களிலிருந்து வருவது. பூன் என்றதும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் புகழ்பெறச் செய்த, வாலோடு கூடிய ரக்கூன் தோல் தொப்பி நினைவுக்கு வரும். தந்தைக்கு அந்தத் தொப்பி பிடிக்காது, அவர் அதை அணிந்ததில்லை என்று மகன் சொல்லிவிட்டார். ஒரு நாட்டின் பாலபருவக் கற்பனையை ஒரு முதியவர் போகிற போக்கில் கலைத்துவிடுகிறார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆலிவ் சொன்ன பகுதி. 1799ல் பூன் குடும்பம் கென்டக்கிப் பக்கத்தை விட்டு மிஸூரிக்குப் பெயர்ந்தது. நேதனுக்குப் பதினெட்டு, ஆலிவுக்குப் பதினாறு, அப்போதுதான் மணமானவர்கள். இருவரும் குதிரைகளில் தனியாகக் கிளம்பி வந்தார்கள். மிஸூரி நதியைக் கடக்க ஒரு சிறு படகு. கணவர் துடுப்புப் போட்டார். ஆலிவ் படகைத் திருப்பிச் செலுத்தியபடி, பின்னால் நீந்திவரும் குதிரையின் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். டிரேப்பர் இதைக் கேட்க மிஸூரிக்குப் போகவில்லை. மாமனாரின் சண்டைகளைக் கேட்கப் போனார். மருமகள் பேசினார், இவர் கையில் பேனா இருந்தது, எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் எல்லைப்புறம் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது சண்டைகளல்ல, அந்தக் கடிவாளம்.

டிரேப்பர் தன் பூன் வரலாற்றை முடித்திருந்தால் ஆலிவ் என்னவாகியிருப்பார்? கிங்ஸ் மவுண்டன் நூலைப் புரட்டிப் பார்ப்பவருக்கு விடை தெரிந்துவிடும். 1780 அக்டோபர் 7ல் தென் கரோலினா எல்லையில் நடந்த ஒரு போரைப் பற்றிய பெரிய நூல் அது. வீரர் பட்டாளம் வருகிறது. ஒவ்வொருவரும் உயர்ந்த உருவம், அஞ்சா நெஞ்சம், தேசபக்தி. எதிரிகள் எதிரிகளாகவே இருக்கிறார்கள். திரட்டிய செய்திகள் அபாரம், அவற்றைக் கோத்த கை சாதாரணம். தன்னலமற்ற வீரர்கள் மறதியில் அழிந்துவிடாமல் காப்பதே வரலாற்றாசிரியனின் கடமை என்று அவர் உளமார நம்பினார். அந்த நம்பிக்கையோடு எழுதப்படும் நூலில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு அடிக்குறிப்புகூடக் கிடைத்திருக்காது. நூல் எழுதி முடித்தபின் மூலக் குறிப்புகளைப் பேண வேண்டிய அவசரமும் அவருக்குக் குறைந்திருக்கும். எழுதாததனால்தான் எதையும் கழிக்க அவருக்கு மனம் வரவில்லை. எது தேவைப்படும் எது தேவைப்படாது என்பதை எழுதுகிறவன்தான் அறிவான். இவர் அந்த இடத்துக்கே வந்து சேரவில்லை.

(1870ல் க்ரஃபட் என்பவரோடு சேர்ந்து வீட்டுக்கும் பண்ணைக்கும் உதவும் கையேடு ஒன்றை டிரேப்பர் வெளியிட்டார் என்ற செய்தியை ஹெஸல்டைன் படித்திராதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பூனின் வாழ்க்கையை முடிக்க நேரமில்லாதவருக்கு இதற்கு நேரமிருந்தது.)

ஏன் எழுத முடியவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் உடல்நலமும் அலுவலும். அலுவல் காரணம் செல்லாது. எழுதுவதற்கென்றே 1886ல் பதவியை விட்டார், அதன்பின் கிட்டத்தட்ட ஐந்தாண்டுகள் இருந்தார், பூன் முடியவில்லை. கூட்டாளி இல்லை என்றும் சொல்ல முடியாது. 1850களில் பென்ஸன் லாஸிங் என்ற புகழ்பெற்ற வெகுஜன வரலாற்று எழுத்தாளர் ஒப்பந்தமே போட்டுக்கொண்டு காத்திருந்தார். தாள்களை இவர் தரவேண்டும், நடையை அவர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு. அதுவும் நடக்கவில்லை. எனக்குத் தோன்றுவது இது: எல்லாச் சாட்சியங்களும் வந்து சேர்ந்துவிட்டால் உண்மை தானாகவே உருவெடுத்துக்கொள்ளும் என்று அவர் நினைத்தார். வந்ததென்னவோ நேர்மாறானது. ஒரே முற்றுகையைப் பற்றி நான்கு பேரன்கள் நான்கு விதமாக எழுதினார்கள், ஒவ்வொருவருக்கும் தன் பாட்டனார்தான் கோட்டையைக் காத்தவர். முரண்பாட்டைத் தீர்க்க ஐந்தாவது கடிதம் எழுதுவார். ஐந்தாவது முரண்பாடு வரும். பாப்டிஸ்ட் திருச்சபைக்காரராகத் தொடங்கிய அவர் பிற்காலத்தில் ஆவியுலகத் தொடர்பில் நம்பிக்கை கொண்டார் என்பதைக் கேலியாகச் சொல்வார்கள். உயிரோடிருந்த சாட்சிகள் எல்லாரும் முரண்பட்ட பின் ஒரு மனிதன் வேறு எங்கே போவான் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இனி அந்தத் தாள்களின் குறைகள். ஆவணம் என்றாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஒரு மனநிலை இலக்கிய வாசகர்களிடமும் உண்டு. டிரேப்பரின் தாள்கள் களங்கமற்ற மூலங்கள் அல்ல. அவர் கேட்ட கேள்விகளின் அச்சில் வார்க்கப்பட்டவை. எந்த நாள், எந்தச் சண்டை, யார் தலைமை என்று கேட்டால் அதற்குத்தான் பதில் வரும். பசி பற்றியோ, நிலத்தின் பட்டா பற்றியோ, அடிமைகளாக உடன் கொண்டுவரப்பட்டவர்கள் பற்றியோ அவர் ஆர்வமாகக் கேட்டவரல்ல. இதை உணர, அதே தொகுப்புக்குள் இருக்கும் இன்னொருவரின் தாள்களோடு ஒப்பிட்டால் போதும். ஜான் டாப்னி ஷேன் என்ற ப்ரெஸ்பிட்டீரியன் போதகர், 1840களில் கென்டக்கியின் முதியவர்களைச் சந்தித்து அவர்கள் பேசியதை ஏறக்குறைய பேச்சு வழக்கிலேயே எழுதிவைத்தார். ஆண்கள், பெண்கள், பெயர் தெரியாத சாதாரணர்கள். அவருக்கு வீரர் பட்டியல் எதுவும் கையில் இல்லை, வந்ததை எழுதினார். 1864ல் ஷேன் இறந்தபின் அவருடைய தாள்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு பகுதியை டிரேப்பர் வாங்கினார். எலிஸபெத் பெர்கின்ஸ் 1998ல் வெளியிட்ட எல்லைப்புற வாழ்க்கை பற்றிய ஆய்வுநூல் இந்த ஷேன் நேர்காணல்களின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. டிரேப்பரின் பெயரில் அழைக்கப்படும் களஞ்சியத்தில் இன்றைய ஆய்வாளர் ஆவலோடு தேடிப்போகும் பகுதிகளில் ஒன்று டிரேப்பர் எழுதியதே அல்ல.

பழங்குடியினர் விஷயத்திலும் இதே இரட்டைநிலைதான். 1850ல் டிரேப்பர் செனகா இனத்தின் முதுதலைவரான பிளாக்ஸ்நேக்கைச் சந்தித்தார். விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவர் அவர். வயதில் நூறை நெருங்கியவர். அவர் தன் நினைவுகளைச் சொல்ல, பெஞ்சமின் வில்லியம்ஸ் என்ற செனகாக்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிய கையெழுத்துப் பிரதி டிரேப்பரின் தாள்களுக்குள் வந்து சேர்ந்தது. 1989ல் தாமஸ் ஏப்லரின் பதிப்பில் நூலாக வந்தது. 1868ல் கான்ஸாஸ் பகுதிக்குப் போய் ஷானி முதியவர்களிடம் டெகும்ஸெ பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டதும் உண்டு. ஷானிகள் தம் ஒஹையோ நிலத்தை இழந்து மேற்கே துரத்தப்பட்டுத்தான் கான்ஸாஸில் இருந்தார்கள். அவர்களிடம் போய்ப் பழைய சண்டைகளின் விவரம் கேட்கிறார் இவர். எப்படி இங்கே வந்தீர்கள் என்பது அவருக்கு ஒரு வரலாற்றுக் கேள்வியாகப் படவில்லை. இருந்தும் அந்தப் பயணமும் இந்தத் தாள்களும் இல்லையென்றால் அந்தக் குரல்களில் பல நமக்கு இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது இரு தரப்பாருக்கும் வழக்கமாகிவிட்டது.

கடைசியாக, எல்லாரும் சற்றுத் தயக்கத்தோடு தொடும் விஷயம். இந்தத் தாள்கள் யாருடையவை? கென்டக்கியும் டென்னஸியும் வர்ஜீனியாவும் சார்ந்த குடும்பத் தாள்கள் நூற்றுக்கணக்கான மைல் வடக்கே, அந்த வரலாற்றோடு நேரடித் தொடர்பு அதிகமில்லாத விஸ்கான்ஸினில் இருக்கின்றன. சில அன்பளிப்பாகக் கிடைத்தவை. சில விலைக்கு வாங்கியவை. சில படித்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெற்றவை. நூல் வரும்வரை வைத்துக்கொள்கிறேன் என்பது பேச்சு. நூல் வரவேயில்லை. குடும்பங்கள் கேட்டுப் பார்த்தன, மனத்தாங்கல் கொண்டன. டிரேப்பர் தாள்களை அபகரித்தார் என்ற முணுமுணுப்பு அவர் உயிரோடிருந்தபோதே தெற்கில் எழுந்து அவருக்குப் பின்னும் நீடித்தது. அவர் உயில் எழுதி எல்லாவற்றையும் கழகத்துக்கு விட்டுச்சென்றார். அவருக்குப்பின் பதவியேற்ற ரூபன் கோல்ட் த்வைட்ஸ் அவற்றை வகைபிரித்துக் கட்டினார்; லூயிஸ் ஃபெல்ப்ஸ் கெல்லாக்கோடு சேர்ந்து 1905 முதல் சில தொகுதிகளை ஆவணப் பதிப்புகளாகவும் கொண்டுவந்தார். பதிப்பாசிரியர் என்ற முறையில் த்வைட்ஸ் டிரேப்பரைவிடப் பல மடங்கு கறாரானவர், தனிக் கட்டுரைக்குரியவர்.

டிரேப்பரின் ஆதரவாளர்கள் சொல்லும் பதில் தெரிந்ததே. அவர் எடுத்துப் போகாவிட்டால் உள்நாட்டுப் போரில் எரிந்திருக்கும், எலி தின்றிருக்கும், வாரிசுகள் அடுப்பில் போட்டிருப்பார்கள். இருக்கலாம். பலவற்றுக்கு அது நிச்சயம் உண்மை. ஆனால் உலகத்தில் அடுத்தவர் பொருளை வைத்திருக்கும் அத்தனை அருங்காட்சியகங்களும் சொல்லும் பதில் இதுவேதான். நெருப்பிலிருந்து காப்பாற்றியவருக்கு நன்றி உண்டு, உடைமை உண்டா? திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்த கடிதங்களையும் டிரேப்பர் கிழித்துப் போடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. எதையும் கிழிக்காத மனிதர். அவருக்கு எதிரான சாட்சியத்தில் ஒரு பகுதியை அவரே பத்திரப்படுத்தித் தந்துவிட்டார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தொகுப்பைப் பிரித்து அந்தந்த மாநிலத்துக்கு அனுப்பிவிடலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் த்வைட்ஸின் தொடர் எண்களைக் கொண்டே மேற்கோள் காட்டிவருகிறார்கள். நேதன் பூன் நேர்காணல் என்றால் ‘6 எஸ்’ என்றால்தான் தெரியும். ஒரு கடிதத்தின் ஓரத்தில் டிரேப்பர் எழுதிய குறிப்பு வேறொரு தொடரிலிருக்கும் கடிதத்தைச் சுட்டும். பிரித்தால் இந்த வலைப்பின்னல் அறுந்துபோகும். கழகம் முழுத் தொகுப்பையும் மைக்ரோஃபிலிம் ஆக்கியிருக்கிறது. ஜோஸஃபின் ஹார்ப்பர் 1983ல் அதற்கு நல்லதொரு வழிகாட்டி நூலும் எழுதிவிட்டார். எனவே மூலத் தாள் எங்கிருக்கிறது என்பது ஆய்வாளனுக்கு இன்று பெரிய பிரச்சினையில்லை. அப்படியானால் கொடுப்பதால் கழகத்துக்கும் பெரிய நட்டமில்லை என்பதும் சேர்ந்தே வருகிறது அல்லவா? இரவல் என்று கடிதத்தாலேயே நிறுவ முடிகிற மூலத் தாள்களையாவது அந்தந்த மாநில ஆவணக் காப்பகத்துக்குத் திருப்பித் தரலாம். படிமங்கள் மாடிஸனில் பழைய எண்ணிலேயே, பழைய இடத்திலேயே இருக்கட்டும். அதற்கு மனமில்லையென்றால், இரவல் பெற்ற கடிதத்தை அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே வைத்து வாசகருக்குக் காட்டுங்கள். ஒரு தாள் என்ன சொல்கிறது என்பதோடு எந்த வாக்குறுதியின்பேரில் அது இங்கே வந்தது என்பதும் வரலாறுதான்.

டிரேப்பரின் முற்றுப்பெறாத பூன் வரலாறு ஒருவழியாக 1998ல் டெட் பெலூவின் பதிப்பில் வெளிவந்தது. மறு ஆண்டே நேதன் பூன் நேர்காணல்களை நீல் ஹாமன் தனி நூலாகப் பதிப்பித்தார். இரண்டையும் வாங்க நினைப்பவர்கள் இரண்டாவதை முதலில் வாங்கட்டும். அளவில் சிறியது, பக்கத்துக்குப் பக்கம் மனிதர்கள் பேசுகிறார்கள். முதலாவது 1778ன் பூன்ஸ்பரோ முற்றுகையோடு நின்றுவிடுகிறது. பூன் அதன்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.